மறுபூச்சு இல்லாத கோடு

நவம்பர், மழை விட்ட மறுநாள்

தொமேஜி அண்ணனுக்கு, காட்சுஜி தலை வணங்கி எழுதுவது.

மலைச்சரிவில் யூசு எலுமிச்சை பழுத்துவிட்டது. பறிக்கிறவர்கள் போய்வரும் பாதை முழுக்க அந்த வாசனைதான். இங்கே இன்னும் மெல்லிய சட்டையில் நடமாட முடிகிறது. நீங்கள் இருக்கிற சப்போரோவில் பனி விழத் தொடங்கிவிட்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுங்கள்.

கடிதத்தைப் பருவநிலையில் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். முறையைச் செய்துவிட்டேன். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அண்ணே, உறையைத் திருப்பி முகவரியைப் பாருங்கள். அதுவும் என் கைதான். என் வீட்டுக்காரி ஹட்சுயே எழுதிக் கொடுக்கவில்லை, பக்கத்தில்கூட வரவிடவில்லை. நேற்று மத்தியானம் உட்கார்ந்தவன் இன்று மத்தியானமும் உட்கார்ந்திருக்கிறேன். "இந்நேரத்துக்கு ஒரு சுவரே பூசி முடிச்சிருப்பீங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறாள். கொடுக்கட்டும்.

நீங்கள் மகள் நோரியேயோடு இருக்க வடக்கே போன பிறகுதான் நான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். வரைபடத்தில் வடக்குச் சுவர் எது என்று நீங்கள் விரலால் தொட்டுக் காட்டாமல் நான் என்றைக்காவது பூச்சுக் கரணையை எடுத்திருக்கிறேனா? நீங்கள் போனதும், படித்துச் சொல்ல ஆளில்லாமல் பேருந்து நிலையத்திலேயே நான் குருடனாகிப் போனேன். ஊர்ப் பொதுக்கூடத்தில் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, சளி பிடித்தவன் மாதிரி இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். உள்ளே பார்த்தால் கருவாட்டுக் கடை சதாயே உட்கார்ந்திருக்கிறாள். அவளும் முகமூடிதான்.

இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன். கடைப் பலகை, சோயா புட்டி, படகின் பெயர், எதையும் விடுவதில்லை. பேருந்தில் நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு ஹட்சுயே, "எல்லாரும் பார்க்கிறாங்க, மனசுக்குள்ள படிங்களேன்" என்கிறாள். மனசுக்குள் படித்தால் படித்த மாதிரியே இல்லை. இன்னொன்று கேட்க வேண்டும். மதுக்கூடத்துப் பின்சுவரில் நாம் வருடக்கணக்காகச் சாப்பாட்டுப் பெட்டியோடு சாய்ந்து உட்காருவோமே, அந்தச் சுவரில் கொட்டை எழுத்தில் "சாயக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்தானே நீங்கள்? ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லவில்லை?

நோரியே தொலைபேசியில் பேசினாள். அவளைக் கோபிக்காதீர்கள், நான்தான் விடாமல் கேட்டேன். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து, காலையில் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களாம். பனி உருகுவதற்குள் உங்களை உட்காரவும் நிற்கவும் வைத்துவிட்டால் மகள் வீட்டுக்கு அனுப்பலாம், இல்லாவிட்டால் படுத்த படுக்கையானவர்களை வைத்துப் பார்க்கிற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். அதற்கு நீங்கள், "வலது கை செத்துப்போன பூச்சுக்காரன் எழுந்து நின்னு எந்தச் சுவரைப் பூசப்போறான்? என்னைப் படுக்க விடுங்க" என்றீர்களாம்.

அன்று நானும் ஹட்சுயேயும் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டோம். உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்ல வழியில்லை, நீங்கள்தான் தொலைபேசிக்கே வருவதில்லையே. அதனால் இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். படிப்பீர்களோ மாட்டீர்களோ.

சனிக்கிழமைகளில் மேட்டுக் கோயிலுக்குப் போகிறேன். தூரிகை எழுத்து வகுப்பு. சொல்லித் தருகிறவர் ஷோகெட்சு அம்மா. நாம் அந்த மண்டபத்தைப் பூசியபோது இருந்த கிழ குருவுக்குப் பிறகு வந்த துறவி. நம்மைவிட எவ்வளவோ சிறியவர், மழித்த தலை, சிரித்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும். பென்சிலில் எழுதத் தெரிந்துவிட்டது, அடுத்த படி தூரிகை என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் அங்கே எழுத்தே இல்லை. மைக்கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியை அரைக்கச் சொன்னார். நான் சாந்து குழைக்கிற பலத்தில் அரைத்தேன். சதாயேயின் சட்டையெல்லாம் மை. "காட்சு அண்ணே, நான் மீன் வெட்டும்போதுகூட இவ்வளவு தெறிச்சதில்ல" என்றாள்.

ஷோகெட்சு அம்மா என் மணிக்கட்டைத் தொட்டு, "உடம்புக்கு முடியாதவங்க அரைச்சா எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அவ்வளவு போதும்" என்றார். மெதுவாக அரைத்தால்தான் மை நைசாக வருமாம். அரைக்கும்போது யாரும் பேசக் கூடாது. நினைப்பு வந்தால் விரட்ட வேண்டாம், உட்காரச் சொல்லவும் வேண்டாம், அது பாட்டுக்கு வந்து போகட்டும், கை வட்டம் போட்டுக்கொண்டிருக்கட்டும் என்பார். எனக்கு வந்த நினைப்பு நீங்கள்தான். வந்தீர்கள், போகவில்லை. உடம்புக்கு முடியாத கைதான் இந்த வேலைக்கு வாகான கை என்றால், இதிலும் நீங்கள்தான் எனக்கு மூத்தவர் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு பழைய செய்தித்தாளில் "ஒன்று" போடச் சொன்னார். எழுத்திலேயே எளியது, இடமிருந்து வலமாக ஒரே கோடு. அவ்வளவு எழுத்தையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு போனவனை ஒன்றிலேயே உட்கார வைத்துவிட்டார். அடுத்த வாரமும் ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. என் கோடு நடுவில் மை வற்றி வெளுத்துப் போகும். ஓரத்தில் பிசிறு நிற்கும். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தூரிகையைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த வெளுப்பின் மேல் இன்னொரு இழுப்பு இழுத்தேன். பிசிறை நுனியால் தடவி மட்டம் பண்ணினேன். நல்ல வேலை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஷோகெட்சு அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தார். "காட்சுஜி சான், சுவரா பூசுறீங்க?" என்றார். நான் பூச்சுக்காரன் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "விட்ட மூச்சைத் திரும்ப உள்ள இழுத்து, இன்னும் நல்லா விடுறேன்னு விட முடியுமா? போட்ட கோடும் அப்படித்தான். வெளுத்திருந்தா வெளுத்தே இருக்கட்டும். இங்க செய்யக் கூடாதது அந்த ஒண்ணுதான்" என்றார்.

அண்ணே, அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? பூசு, திரும்பப் பூசு, தேய், இன்னும் தேய். கை போன தடம் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் பழைய மேஸ்திரி கரணையின் பிடியாலேயே முட்டியில் தட்டுவார். துறைமுகத் தெருவில் நாம் பூசிய வெள்ளைச் சுவர்களை இப்போது தினமும் பார்த்துக்கொண்டு போகிறேன். எது உங்கள் சுவர், எது என் சுவர் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அளவுக்கு நல்ல வேலைக்காரர்கள் நாம். ஆனால் இந்த அம்மா ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு, "இங்க கால் மரத்துப்போச்சு, இல்லையா?" என்கிறார். "இங்க மதியச் சாப்பாடு ஞாபகம் வந்திருக்கு" என்கிறார். சதாயேயின் கோட்டைப் பார்த்து, "வரும்போது யாரோடயோ சண்டையா?" என்று கேட்டார். சதாயே வாயடைத்துப் போனாள். அது நடக்கும் என்று நீங்கள் நம்புவீர்களா?

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். இதை நோரியேயிடம் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள். உங்களுக்காக ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியாவது குடியுங்கள்.

உங்கள் தம்பி,
காட்சுஜி


ஜனவரி, புத்தாண்டு அலங்காரங்களை எரித்த மறுநாள்

தொமேஜி அண்ணனுக்கு, புத்தாண்டு வணக்கத்தோடு காட்சுஜி எழுதுவது.

அங்கே பனி சன்னல் விளிம்புவரை ஏறிவிட்டது என்று நோரியே சொன்னாள். இங்கே காற்று மட்டும்தான். ஆனால் அது கடலிலிருந்து நேராக எலும்புக்குள் வருகிறது.

என் கடிதத்தை நீங்களே படித்தீர்களாம். படித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் கோணல்" என்று மட்டும் சொன்னீர்களாம். "சாயக் கூடாது" வருகிற இடத்தில் உங்கள் முகத்தில் ஏதோ அசைந்ததாம். சிரிப்பா இருமலா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் பயிற்சிப் பெண் வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டீர்களாம். இதைச் சொல்லும்போது நோரியேயின் குரல் சரியாக இல்லை. அவள் அழுததாக நான் எழுதவில்லை. நீங்களும் அவளைக் கேட்க வேண்டாம்.

நான் ஒன்று செய்தேன். ஆண்டுக் கடைசி வகுப்பில் ஷோகெட்சு அம்மாவிடம், "இடது கையால எழுதலாமாம்மா?" என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதையும்தான். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூரிகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு கோடு போட்டார். மண்புழு வெயிலில் நெளிகிற மாதிரி வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். சதாயேதான், "அம்மா, இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருது" என்றாள். அம்மா தரையில் கை ஊன்றிச் சிரித்தார். பிறகு தன் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலது கை இழுக்கிற இடத்துல இடது கை தள்ளுது. இவ்வளவு வருஷமா எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். அவ்வளவுதான், அன்று வகுப்பு முழுவதும் எல்லாரும் இடது கைக்காரர்கள் ஆகிவிட்டோம். யாரையும் யாரும் குறை சொல்ல வழியில்லாமல் அப்படி ஒரு சந்தோஷமான மத்தியானம்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் கோயிலில் முதல் எழுத்து எழுதினோம். ஒவ்வொருவராக நடுவில் போய் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, ஒரு தாளில் ஒரே தடவை. அன்று வந்திருந்த ஊர்ப் பிள்ளைகள் "வசந்தம்", "கனவு" என்று எழுதினார்கள். சதாயே "நல்ல விற்பனை" என்று எழுதினாள். நான் என்ன எழுதுவது என்று டிசம்பர் முழுக்க யோசித்து வைத்திருந்தேன், எனக்குத் தெரிந்த எழுத்துகளிலேயே கடினமானதாக. போய் உட்கார்ந்து மை அரைக்கத் தொடங்கினேன். அரைக்க அரைக்க அந்தப் பெரிய எழுத்து மனசைவிட்டுப் போய்விட்டது. தூரிகை தானாக இடது கைக்கு வந்தது. ஒன்று போட்டேன்.

தள்ளுவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. தூரிகை முன்னால் போக மாட்டேன் என்கிறது. மயிர் மடங்குகிறது. கோடு எங்கே போகப் போகிறது என்பது கைக்கும் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. நான் எல்லாச் சுவரிலும் முடிவைத் தெரிந்துகொண்டுதான் தொடங்கியிருக்கிறேன். இது அப்படி இல்லை. பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தில் வேறு எதுவும் இல்லை, நேற்றும் நாளையும் இல்லை, மண்டபத்தில் இருந்தவர்களும் இல்லை. கோடு நடுவில் வெளுத்தது. கை அரித்தது, அண்ணே. ஒரே ஒரு இழுப்பு, யாருக்கும் தெரியாது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஷோகெட்சு அம்மா சிவப்பு மையில், நன்றாக எழுதிய பிள்ளைகளுக்குப் போடுகிற பெரிய பூ வட்டம் ஒன்று போட்டுத் தந்தார். நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போயிருந்தால் இதெல்லாம் அப்போதே கிடைத்திருக்கும். இப்போது கிடைத்ததும் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று கடற்கரையில் மூங்கில் கோபுரம் கட்டி, வாசல் அலங்காரங்களோடு எழுதிய தாள்களையும் எரித்தோம். தாள் எவ்வளவு உயரம் பறக்கிறதோ அவ்வளவு கை தேறும் என்பார்களே. சதாயேயின் தாள் மீன் சந்தைக் கூரைக்கு மேலே போனது. அவள் குதித்ததைப் பார்க்க வேண்டும். என் தாள்கள் கொஞ்சம் எழும்பி, யோசித்து, கரியாகி ஹட்சுயேயின் தலைத்துணியில் வந்து உட்கார்ந்தன. "உங்க எழுத்து மேல போகல, நேரா என் தலைக்குத்தான் வந்திருக்கு" என்றாள். முதல் எழுத்தை மட்டும் நான் நெருப்பில் போடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். கோணல் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் சாமான் இருக்கிறது. ஒரு தூரிகை, நான் அரைத்துச் சிறு புட்டியில் ஊற்றிய மை, தாள். உங்களிடம் ஒரு கோடு கேட்கிறேன். இடது கையால் ஒன்று. படுத்துக்கொண்டே போட்டாலும் பரவாயில்லை. நடுங்கினால் நடுங்கியபடி அனுப்புங்கள். ஆயுள் முழுக்க உங்கள் பக்கத்தில் ஒரே சாரத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் கையை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருக்கிறீர்கள். நானும்தான். எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நோரியேக்கும் உங்களுக்கும் இந்த ஆண்டு நல்லபடியாக அமையட்டும்.

உங்கள் தம்பி,
காட்சுஜி


மார்ச், கோயில் பிளம் மரம் பூத்துக் கொட்டும் நேரம்

தொமேஜி அண்ணனுக்கு, காட்சுஜி மகிழ்ச்சியோடு எழுதுவது.

உங்கள் தாள் வந்து சேர்ந்தது.

உறையில் நோரியேயின் எழுத்து. உள்ளே வேறு ஒரு வரியும் இல்லை. தாளைப் பிரித்தேன். கோடு இல்லை. நடுவில் ஒரு பெரிய கறுப்பு. அதன் கீழே வால் மாதிரி ஒரு இழுப்பு. ஓரிடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. ஹட்சுயே கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், மை கொட்டிடுச்சு போலிருக்கு. நீங்க அவரைப் போட்டுப் படுத்தியிருக்கக் கூடாது" என்றாள். எனக்கும் அன்று மனசு கனத்துவிட்டது. வேண்டாத வேலை செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அதைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். பாயில் விரித்து வைத்தேன். சதாயே எட்டிப் பார்த்து, "ஐயோ, காக்கா கூரையிலிருந்து விழுந்த மாதிரி இருக்கே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளே பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஷோகெட்சு அம்மா வழக்கம் போலத் திருத்துகிற சிவப்புத் தூரிகையோடு வந்தார். உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவப்புத் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, அந்தத் தாளுக்கு முன்னால் நெற்றி பாயில் படும்படி வணங்கினார். "இதுல நான் தொடுறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். "இவர் எதையும் மறைக்கல. காட்சுஜி சான், நல்லாப் பாருங்க. உங்க கூட்டாளி எப்படி இருக்கார்னு இதுலயே இருக்கு."

வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிருக்குக் கால் காய்கிற அடுப்பு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரிகையின் மயிர் நாலா பக்கமும் விரிந்திருக்கிறது. அடிக்கட்டைவரை அழுந்தியிருக்கிறது. தாள் கிழிந்தது அந்தக் கட்டை பட்டுத்தான். இது கொட்டிய மை இல்லை. குத்திய மை. மேலிருந்து, தோளோடு, முழு உடம்பின் கனத்தோடு. சுவரில் முதல் சாந்தை எறிவோமே, அந்த அடி.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஹட்சுயேயைக் கூப்பிட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு பலகையில் தாளை வைத்து முகத்துக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். இடது கையால் குத்திப் பார்த்தேன். மை தூரிகை வழியாக இறங்கி முழங்கைக்கு வந்து, அங்கிருந்து காதுக்குள் போனது. தாளில் ஒரு பொட்டுதான் விழுந்தது. ஒருக்களித்துப் படுத்துக் குத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. "இந்த வயசுல இதையும் நான் பார்க்கணுமா" என்று ஹட்சுயே பலகையை வைத்துவிட்டு ஈரத்துணி எடுக்கப் போனாள். நான் பாயில் படுத்தபடியே கத்தினேன். "ஹட்சுயே, அண்ணன் எழுந்து உட்கார்ந்திருக்காரு! படுத்துக்கிட்டு இப்படிக் குத்த முடியாது! உட்கார்ந்திருக்காருடீ!"

காதில் மையோடு உடனே நோரியேயைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆச்சரியம், "சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாரே" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலத்தைப் பார்த்து, "சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் அனுப்புற மாதிரி அனுப்பியிருக்கான் பாரு" என்று ஒதுக்கிவிட்டீர்களாம். ஆனால் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தீர்களாம். ஒரு காலையில் திடீரென்று, "கட்டிலை நிமிர்த்து" என்றீர்களாம். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிடிக்க வந்தவளை, "என்னைப் பிடிக்காதே, தாளைப் பிடி" என்று அதட்டினீர்களாம். "டேய் காட்சு, என் கையைப் பார்க்கணுமா உனக்கு? இந்தா, பார்த்துக்கோ" என்று சொல்லிக் குத்தினீர்களாம். அடுத்த கட்டிலில் இருந்தவர் பயந்து மணியை அடித்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் அவள் சொன்னாள். நீங்கள் உடனே படுக்கவில்லையாம். அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தீர்களாம். தேநீர் ஆறிப்போனதாம். வாலைக் காட்டி, "இதை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்" என்று தூரிகையை மறுபடி எடுத்தீர்களாம். தாள்வரை கொண்டுபோய் நிறுத்தி, "வேண்டாம், அந்தத் துறவியம்மா திட்டுவாங்க" என்று வைத்துவிட்டீர்களாம்.

அண்ணே, நான் புத்தாண்டில் கைகளின் மேல் உட்கார வேண்டியிருந்தது. நீங்கள் சும்மா வைத்துவிட்டீர்கள். மூத்தவர் மூத்தவர்தான்.

உங்கள் கையைப் பார்த்துவிட்டேன். நான் நினைத்த மாதிரி இல்லை. நீங்கள் நம் எல்லாரிலும் நிதானமானவர், மேஸ்திரியே உங்களைக் கேட்டுத்தான் சாந்தின் பதம் பார்ப்பார். உள்ளே இவ்வளவு கோபம் இருந்தது எனக்குத் தெரியாது. நல்ல கோபம். படுக்கையில் வீணாகக் கிடக்கக் கூடாத கோபம். கோயில் மண்டபத்தில் இப்போது அது மாட்டியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் மை அரைக்கும்போது எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு அரைக்கிறோம். "அவர் அடுத்தது எப்ப எழுதுவாரு?" என்று சதாயே கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தபோது நீங்கள் மறுபடி திரும்பிப் படுத்துக்கொண்டதையும் நோரியே சொன்னாள். அங்கே கூரைப் பனி சரியத் தொடங்கிவிட்டதையும் சொன்னாள். மருத்துவர் சொன்ன நாள் நெருங்குகிறது. நான் அதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. எனக்கு எழுத்து இன்னும் அவ்வளவு தெரியாது.

இத்துடன் ஒரு சுருள் அனுப்புகிறேன். ஷோகெட்சு அம்மா தானாகவே எடுத்துக் கொடுத்த தாள். விரித்துப் பாருங்கள். உங்கள் கட்டில் மேசையில் அது கொள்ளாது. நோரியே பிடித்தாலும் கொள்ளாது. தரையில்தான் விரிக்க வேண்டும். நான்கு மூலையிலும் எதையாவது கனமாக வைத்துவிட்டு, நின்றுகொண்டு, குனிந்துதான் அதில் எழுத முடியும். இங்கே நாங்கள் எல்லாரும் பெரிய தாளுக்கு அப்படித்தான் நிற்கிறோம். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தப் பயிற்சிப் பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் பங்கு கேட்க மாட்டாள்.

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கும். அந்தச் சின்னத் தாளில் உங்களுக்கு இடம் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இதில் நன்றாகத் திட்டுங்கள், அண்ணே. ஒரு ஓரத்தையும் மிச்சம் வைக்காதீர்கள்.

உங்கள் பாதங்களுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
காட்சுஜி